கப்பலில் ஏற்றிய கார் இப்போது எங்கே இருக்கிறது?

கேள்வியைச் சுருக்கமாக இங்கே தந்துவிடுகிறேன். ஒருவர் தம் காரை, வண்டிகளை நேராக உள்ளே ஓட்டி ஏற்றும் ரோ-ரோ கப்பல் ஒன்றில் முகவர் வழியாக வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறார். வீட்டுச் சாமான்கள் தனியே ஒரு கொள்கலனில் போகின்றன. முகவர் கொடுத்த எண்ணைக் கப்பல் நிறுவனத்தின் தளத்தில் இட்டால் பதிவே இல்லை என்று வருகிறது. கொள்கலனுக்குக் ‘கப்பலில் ஏற்றப்பட்டது’ என்ற வரி வந்து பன்னிரண்டு நாளாகியும் அதன்பின் ஒன்றும் மாறவில்லை. கார் ஏறியதாகச் சொல்லப்படும் கப்பலோ, இணைய வரைபடத்தில் ஆறு நாளாக ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கிறது. இவற்றில் எதை நம்புவது, பொருள்கள் இருக்கும் இடத்தை எப்படி உறுதி செய்வது என்று கேட்கிறார்.

இந்தத் தொழிலில் சரக்கு முகவராகப் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திரையில் தெரிவது உங்கள் பொருள் இருக்கும் இடம் என்று எண்ணிக்கொண்டால் குழப்பம் தீராது. அங்கே தெரிவது, எங்கோ ஒரு வாயிலில், ஒரு கிரேனடியில், ஓர் அலுவலக மேசையில் யாரோ எழுதிய பதிவு. ஆகவே ஒவ்வொரு வரியைப் பார்க்கும்போதும், இதை யார் கண்ணால் பார்த்துப் பதிந்தார், எப்போது பதிந்தார் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பழகினால், பாதி பதில் தானாகவே கிடைத்துவிடும். கப்பல் ஒன்று, ஆவணம் ஒன்று, பொருள் ஒன்று. மூன்றுக்கும் தனித்தனி எண்கள், தனித்தனிப் பதிவுகள். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் உங்கள் கார் எங்கே என்று துணிந்து சொல்ல முடியும்.

‘பதிவு இல்லை’ என்ற சிக்கலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலும் அது பயப்பட வேண்டிய செய்தியே இல்லை. கடல்வழிச் சரக்குக்கு அடிப்படை ஆவணம் பில் ஆஃப் லேடிங் எனும் சரக்கேற்றச் சீட்டு. நீங்கள் நேரே கப்பல் நிறுவனத்திடம் இடம் பிடித்திருந்தால் அந்த நிறுவனமே உங்கள் பெயருக்கு அதை வழங்கும். முகவர் வழியாகப் போனால் இரண்டு பில்கள் உண்டாகும். கப்பல் நிறுவனம் முகவரின் பெயருக்குக் கொடுப்பது மாஸ்டர் பில். முகவர் அதை வைத்துக்கொண்டு உங்களுக்குத் தம் பெயரில் எழுதித் தருவது ஹவுஸ் பில். ஹவுஸ் பில்லின் எண் முகவரின் கணக்குப் புத்தகத்துக்கு மட்டுமே தெரிந்தது. அதைக் கப்பல் நிறுவனத்தின் தளத்தில் இட்டால் அங்கே அப்படி ஒரு சரக்கே கிடையாது என்றுதான் வரும். மாஸ்டர் பில் எண்ணைக் கேளுங்கள். சில முகவர்கள் தம் விலை விவரம் வெளியாகிவிடும் என்று மாஸ்டர் பில்லின் படியைத் தர மாட்டார்கள். அது அவர்கள் தரப்பு நியாயம். எண்ணை மட்டுமாவது தருவதில் அவர்களுக்கு நட்டம் ஒன்றுமில்லை. அதற்கும் மறுத்தால், கொள்கலனுக்குக் கொள்கலன் எண்ணும் காருக்குச் சேசிஸ் எண்ணும் இருக்கின்றன; கப்பல் நிறுவனத்தின் பெயர் தெரிந்தால் அவற்றைக் கொண்டே தேடலாம்.

மாஸ்டர் பில் எண் கையில் இருந்தும் கிடைக்காவிட்டால், எண்ணின் முன்னால் வரும் நான்கு எழுத்துகளைப் பாருங்கள். அவை நிறுவனத்தின் குறியீடு. சில தளங்கள் அவற்றோடு சேர்த்து இடச் சொல்லும், சில அவற்றை நீக்கிவிட்டு இலக்கங்களை மட்டும் கேட்கும். இந்த அற்பக் காரணத்தால் பதறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கொள்கலன் எண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவி அதற்குள்ளேயே இருக்கிறது. உலகெங்கும் ஓடும் கொள்கலன்களுக்கு ஐஎஸ்ஓ 6346 என்ற தரநிலைப்படி எண் எழுதப்படுகிறது. முதல் மூன்று எழுத்துகள் உரிமையாளரைக் குறிக்கும்; நான்காவது எழுத்து, சரக்குக் கொள்கலனாக இருந்தால், யூ. அதன் பிறகு ஆறு இலக்கத் தொடர் எண், கடைசியில் பெரும்பாலும் ஒரு சிறு கட்டத்துக்குள் தனியே ஓர் இலக்கம். உரிமையாளர் குறியீடுகளைப் பாரிசில் உள்ள பிஐசி என்ற அமைப்பு பதிவு செய்கிறது. அது 1933-இல் தோன்றியது. எம்எஸ்கேயூ என்று தொடங்கினால் மெர்ஸ்க், எம்எஸ்சியூ என்றால் எம்எஸ்சி என்று தொழிலில் இருப்பவர்கள் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். ஆனால் டிரைடன், டெக்ஸ்டைனர் போன்ற வாடகை நிறுவனங்களின் பெட்டிகள் எந்தக் கப்பல் நிறுவனத்தின் கீழும் பயணம் செய்யும். ஆகையால் முன்னெழுத்தைப் பார்த்துக் கப்பல் நிறுவனத்தை முடிவு கட்டிவிட வேண்டாம்.

கட்டத்துக்குள் இருக்கும் அந்தக் கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண். விளக்கங்களில் அடிக்கடி எடுத்துக்காட்டாக வரும் எண் ஒன்றை வைத்துக் கணக்கைச் செய்து காட்டுகிறேன்: சிஎஸ்க்யூயூ 305438, சரிபார்ப்பு எண் 3. ஏ என்ற எழுத்துக்கு 10 என்று தொடங்கி, 11, 22, 33 ஆகிய மூன்றை மட்டும் விட்டுவிட்டு, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. அதன்படி சி 13, எஸ் 30, க்யூ 28, யூ 32. இந்த நான்கு மதிப்புகளையும் அடுத்த ஆறு இலக்கங்களையும் இடமிருந்து வலமாக 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய் 512 வரை பெருக்கிக் கூட்டினால் 6185 வருகிறது. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 3. கட்டத்தில் உள்ள எண்ணும் 3. மீதி 10 வந்தால் 0 என்று கொள்ள வேண்டும். இப்போது யாரோ அவசரத்தில் 305438-ஐ 305348 என்று இடம் மாற்றித் தட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுத்தொகை 6313 ஆகி, மீதி 10 வந்து, சரிபார்ப்பு எண் 0 ஆகிவிடும். 3 என்ற எண்ணோடு அது ஒட்டாது. இந்தக் கணக்கைக் கையால் போட ஐந்து நிமிடம் போதும். ஏன் போட வேண்டும் என்பதைப் போலித் தளங்களைப் பற்றிச் சொல்லும்போது பார்ப்போம்.

கொள்கலன் எண்ணைக் கொண்டு தேடும்போது இன்னொன்றை நினைவில் வையுங்கள். அந்த எண் பெட்டிக்கு உரியது, உங்கள் பயணத்துக்கு உரியது அன்று. உங்கள் சாமான்களை இறக்கி, காலிப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்த சில வாரங்களில் அதே எண் வேறொருவரின் சரக்கோடு வேறொரு கடலில் தெரியும். பழைய பயணத்தின் விவரம் வேண்டுமானால் பில் எண்ணால் தேடுவதே வழி. சாமான் வந்து சேர்ந்த பிறகு பெட்டி மீண்டும் நகர்வதைப் பார்த்துவிட்டு நள்ளிரவில் என்னை எழுப்பியவர்களும் உண்டு.

இனி, பன்னிரண்டு நாளாக மாறாத அந்த வரி. கொள்கலனின் பயணம் சில நிகழ்வுகளாகத்தான் பதிவாகிறது: துறைமுக வாயிலுக்குள் நுழைந்தது, கப்பலில் ஏற்றப்பட்டது, கப்பல் புறப்பட்டது, இடைத் துறைமுகத்தில் இறக்கப்பட்டது, மறுகப்பலில் ஏற்றப்பட்டது, சேருமிடத்தில் இறக்கப்பட்டது, வாயிலை விட்டு வெளியேறியது. வாயில் நிகழ்வுகளைக் கோடெக்கோ என்ற மின்னணுச் செய்தியாகவும், ஏற்ற இறக்க நிகழ்வுகளைக் கோஆரி என்ற செய்தியாகவும், துறைமுகத்தில் பெட்டிகளைக் கையாளும் முனையம் கப்பல் நிறுவனத்துக்கு அனுப்புகிறது. நடுக்கடலில் வாயிலும் இல்லை, கிரேனும் இல்லை. ஆகவே அங்கே பதிய நிகழ்வு எதுவும் கிடையாது. நீண்ட கடல் பாதையில் இரண்டு மூன்று வாரம் மௌனமாக இருப்பது இயல்பே. ஒவ்வொரு நிறுவனமும் இந்த நிகழ்வுகளுக்கு ஒவ்வொரு பெயர் வைத்துக்கொண்டிருந்த நிலையை மாற்ற, பெரிய கொள்கலன் நிறுவனங்கள் சில சேர்ந்து 2019-இல் டிசிஎஸ்ஏ என்ற அமைப்பைத் தொடங்கின. அதன் தரநிலையில் ஒவ்வொரு நேரமும் திட்டமிட்டதா, மதிப்பிட்டதா, உண்மையில் நடந்ததா என்று பிரித்துக் குறிக்கப்படுகிறது. தளத்தில் இந்த வேறுபாடு சாய்வெழுத்தாகவோ மங்கிய நிறமாகவோ மட்டும் தெரியும், பலர் கவனிப்பதில்லை. மங்கிய எழுத்தில் உள்ள தேதி ஆசையைக் காட்டுவது, அழுத்தமான எழுத்தில் உள்ள தேதி நடந்ததைக் காட்டுவது என்று நான் புதிதாக வருபவர்களிடம் சொல்வதுண்டு.

மௌனம் உண்மையில் கவலைக்குரியதாக இருக்கும் ஒரே இடம் இடைத் துறைமுகம். முதல் கப்பலிலிருந்து இறக்கி, வேறொரு கப்பலுக்காகக் காத்திருக்கும் யார்டில் பெட்டி நாள்கணக்கில் கிடக்கும். மறுகப்பலில் இடமில்லை என்றால் அடுத்த கப்பலுக்குத் தள்ளிவிடுவார்கள்; தொழிலில் இதை ரோல் ஆகிவிட்டது என்பார்கள். கப்பல் அந்தத் துறைமுகத்தையே விட்டுவிட்டுப் போவதும் உண்டு. அப்போது தளத்தில் பழைய கப்பலின் பெயரே தொடர்ந்து இருக்கும். நீங்களும் அந்தக் கப்பலை வரைபடத்தில் ஆர்வத்தோடு பின்தொடர்ந்துகொண்டிருப்பீர்கள். பெட்டியோ ஆயிரம் கடல்மைல் பின்னால் வெயிலில் நிற்கும். இடைத் துறைமுகத்தில் ‘இறக்கப்பட்டது’ என்று வந்து பத்து நாள் கழிந்தும் ‘மறுகப்பலில் ஏற்றப்பட்டது’ என்று வரவில்லையானால், முகவரிடம் மறுகப்பலின் பெயரையும் பயண எண்ணையும் எழுத்தில் கேளுங்கள்.

காரின் கதை வேறு. ரோ-ரோ கப்பலில் ஏறும் வண்டிக்குப் பெட்டி கிடையாது. அதன் அடையாளம் சேசிஸ் எண்தான். உலக அளவில் 17 எழுத்தும் இலக்கமும் கொண்ட விஐஎன் வழக்கத்தில் உள்ளது. அதில் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் வருவதே இல்லை, ஒன்றோடும் பூஜ்யத்தோடும் மயங்கும் என்பதால். எனவே ஓ போலத் தெரிவது எப்போதும் பூஜ்யம்தான். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்யப்பட்ட வண்டிகளில் 17 இருக்காது. அதைவிடக் குறைந்த நீளமுள்ள சேசிஸ் எண், நடுவில் ஒரு சிறு கோட்டோடு இருக்கும். தளத்தில் அந்தக் கோட்டை இட்டும் இடாமலும் இரண்டு முறை முயன்று பாருங்கள்.

பெரிய வாகனக் கப்பல் ஒன்றில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட கார்கள் அடுக்கடுக்காக நிற்கும். ஓட்டுநர்கள் குழுவாக வந்து ஒவ்வொன்றையும் சாய்தளம் வழியாக உள்ளே ஓட்டிச் சென்று, கைப்பிடி அகல இடைவெளியில் நிறுத்தி, பட்டைகளால் தளத்தோடு கட்டிவிட்டுத் திரும்பி ஓடி வருவார்கள். வாயிலருகே ஒருவர் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பட்டைக்குறியீட்டை வருடியோ, டாலித் தாள் எனும் எண்ணிக்கைத் தாளில் குறித்தோ கணக்கெடுப்பார். ‘ஏற்றப்பட்டது’ என்ற வரி இந்தக் கணக்கிலிருந்து வந்தால் நம்பலாம். எல்லா இடத்திலும் அப்படி வருவதில்லை என்பதை ஒரு முறை நேராகவே கற்றுக்கொண்டேன்.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் வெள்ளை வேன். கப்பல் நிறுவனத்தின் தளத்தில் ஏற்றப்பட்டது என்று வந்தது, கப்பல் புறப்பட்டது, பத்தொன்பது நாளில் சேருமிடத்தை அடைந்தது. வேன் மட்டும் இல்லை. இறக்கிய இடத்தில் இரண்டு நாள் தேடினார்கள். கடைசியில், புறப்பட்ட துறைமுகத்தின் யார்டுக் காவலாளியிடம் கெஞ்சிக் கேட்டோம். அவர் தம் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து அனுப்பினார். வேலியோரம், முன்கண்ணாடியில் விரலால் பெயர் எழுதும் அளவுக்குத் தூசி படிந்து, எங்கள் ஒட்டுத்தாள் அப்படியே இருக்க, வேன் நின்றிருந்தது. ஏற்றும் நாளன்று பேட்டரி இறங்கி வண்டி கிளம்பவில்லை. மேஸ்திரி அதை ஓரமாகத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டார். அலுவலகத்தில் இருந்தவரோ ஏற்றத் திட்டப் பட்டியலை அப்படியே எடுத்து, அதில் இருந்த எல்லா வண்டிகளையும் ஏற்றப்பட்டவையாகப் பதிந்துவிட்டார். பொய் சொல்லும் எண்ணம் யாருக்கும் இல்லை; பார்க்காமல் எழுதியதுதான் குற்றம். அன்றிலிருந்து ரோ-ரோ வண்டிகளுக்கு டாலித் தாளின் படியையோ, ஏற்றும்போது எடுத்த படத்தையோ கேட்டு வாங்கும் பழக்கம் எங்களுக்கு வந்தது. பேட்டரியைப் புதிதாகப் போட்டு அனுப்பும்படி வாடிக்கையாளர்களிடம் சொல்லும் பழக்கமும் அப்போதுதான் வந்தது.

வரைபடத்துக்கு வருவோம். கப்பல்களை இணையத்தில் காட்டும் தளங்கள் எல்லாம் ஏஐஎஸ் என்ற வானொலிக் கருவியின் ஒலிபரப்பை வாங்கிக் காட்டுபவை. கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கவே அந்தக் கருவி வந்தது. கடல் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின்படி சர்வதேசப் பயணம் செய்யும் 300 டன் மொத்தக் கொள்ளளவுக்கு மேற்பட்ட கப்பல்களில் அது கட்டாயம், 2004 இறுதிக்குள் எல்லாவற்றிலும் பொருத்தப்பட்டது. ஓடும் கப்பல் தன் இடத்தையும் வேகத்தையும் இரண்டு முதல் பத்து விநாடிக்கு ஒரு முறை சொல்லும். நங்கூரத்தில் நிற்கும்போது மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை. ஆனால் இது விஎச்எஃப் அலைவரிசை. நேர்கோட்டில் எட்டும் தூரத்துக்கே போகும். கரையோர ஏற்பிகளால் ஏறத்தாழ நாற்பது கடல்மைல் வரை பிடிக்க முடியும். அதற்கு அப்பால் செயற்கைக்கோள்தான் கேட்க வேண்டும், அந்தத் தகவலைப் பல தளங்கள் கட்டணம் செலுத்துவோருக்கே தருகின்றன. ஆகவே கரையை விட்டு நகர்ந்த கப்பல் இலவச வரைபடத்தில் மறைந்துபோவதால் அதற்கு எதுவும் ஆகிவிட்டதாக எண்ணத் தேவையில்லை. கடைசியாகத் தெரிந்த இடத்தின் அருகே ‘நான்கு நாள் முன்பு’ என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஏஐஎஸ் சொல்லும் எல்லாம் ஒரே தரத்தவையும் அல்ல. இடமும் வேகமும் கருவியிலிருந்து தாமாகவே வருபவை. சேருமிடம், எதிர்பார்க்கும் வருகை நேரம், மிதப்பாழம், ‘நங்கூரத்தில்’ அல்லது ‘ஓட்டத்தில்’ என்ற நிலை ஆகியவற்றைக் கப்பலின் அதிகாரி கையால் இட வேண்டும். முந்தைய துறைமுகத்தின் பெயரை மாற்ற மறந்து மூன்று நாள் ஓடிய கப்பல்கள் உண்டு. நங்கூரத்தில் என்று சொல்லிக்கொண்டே மணிக்குப் பதினாறு கடல்மைல் வேகத்தில் போனவையும் உண்டு. வருகை நேரத்துக்கான இடத்தில் மாதம், நாள், மணி, நிமிடம் இருக்கின்றன. ஆண்டுக்கு இடமே இல்லை. இடக்குறிப்பும்கூடச் சில கடல்களில் கெடும்: செயற்கைக்கோள் வழிகாட்டலைக் குலைக்கும் வேலைகளால், 2024-இல் கிழக்கு மத்தியதரைக் கடலில் இருந்த கப்பல்கள் பல பெய்ரூட் விமான நிலையத்தில் நிற்பதாக வரைபடங்கள் காட்டின.

கப்பலை அதன் பெயரைக் கொண்டு தேடாதீர்கள். ஒரே பெயரில் பல கப்பல்கள் இருக்கும், ஒரே கப்பல் விற்பனைக்குப் பின் பெயரும் கொடியும் மாறும். மாறாதது ஏழு இலக்க ஐஎம்ஓ எண். அதிலும் கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண்தான். எவர் கிவன் என்ற கொள்கலன் கப்பலின் எண் 9811000. முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 120, அதன் கடைசி இலக்கம் 0, எண்ணின் கடைசி இலக்கமும் 0.

அந்தக் கப்பலைக் குறிப்பிட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் குறுக்காகச் சிக்கி, 29 அன்று மிதந்து, பிறகு இழப்பீட்டு வழக்கினால் ஜூலை 7 வரை கால்வாய்ப் பாதையில் உள்ள பெரிய கசப்பு ஏரியில் நிறுத்தி வைக்கப்பட்டது. அதில் சரக்கு வைத்திருந்தவர்களுக்குத் தம் பெட்டி இருக்கும் இடம் அந்த மூன்று மாதமும் மீட்டர் கணக்கில் தெரியும். எடுக்கத்தான் முடியவில்லை. இடம் தெரிவது வேறு, பொருள் கைக்கு வருவது வேறு என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கார்க் கப்பல் ஆறு நாளாக நங்கூரத்தில் நிற்பதற்குப் பெரும்பாலும் சாதாரணக் காரணமே இருக்கும்: துறைமுகத்தில் கப்பலைக் கட்டி நிறுத்தும் தளமேடை காலியாக இல்லை, காற்று அதிகம், முன்னால் வரிசை நீளம். வாகனக் கப்பல்களுக்கு மட்டும் உள்ள காரணம் ஒன்றும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் நாற்றப்பூச்சி ஒன்றுக்கு அஞ்சி, செப்டம்பர் முதல் ஏப்ரல் வரையிலான பருவத்தில் ஏற்றப்படும் வண்டிகளுக்குக் கடுமையான சோதனையும், மருந்துப் புகையோ வெப்பச் சிகிச்சையோ கேட்கின்றன. 2018 பிப்ரவரியில் ஜப்பானிலிருந்து கார்களோடு வந்த சில கப்பல்களை நியூசிலாந்து இறக்கவிடாமல் திருப்பியே அனுப்பியது. பாதை மாற்றமும் நாளைக் கூட்டும்: செங்கடல் தாக்குதல்களால் 2023 இறுதியிலிருந்து பல நிறுவனங்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கியதில், ஆசியாவுக்கும் வட ஐரோப்பாவுக்கும் இடையிலான பயணம் பத்து முதல் பதினான்கு நாள் நீண்டது. அப்போது தேதி ஒரு முறை மட்டும் மாறவில்லை. வாரம் ஒரு முறை மாறிக்கொண்டிருந்தது.

சொந்தமாக ஒரு ஜிபிஎஸ் கருவியைப் பெட்டிக்குள் போடலாமா என்று பலர் கேட்பார்கள். இரும்புப் பெட்டிக்குள், மேலே எட்டுப் பெட்டி அடுக்கிய நிலையில், வானத்தின் சமிக்ஞையும் உள்ளே வராது, கைப்பேசி அலையும் வெளியே போகாது. காருக்குள் ஏர்டேக் போன்ற சிறு வில்லையை வைத்தால், அருகே வருபவரின் ஐபோன் அதைக் கேட்டு இடம் சொல்லும். யார்டில் நிற்கும் காருக்கு இது உண்மையிலேயே பயன்படுகிறது. எங்கள் வேனில் ஒன்று இருந்திருந்தால் பத்தொன்பது நாள் வீணாகியிருக்காது. கடலில் அது ஊமை. பேட்டரி உள்ள பொருளை வண்டியில் விடலாமா என்பதை மட்டும் கப்பல் நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், ரோ-ரோவில் வண்டிக்குள் எதையும் வைக்க அனுமதிக்காத நிறுவனங்கள் பல.

இப்போது போலித் தளங்கள். வெளிநாட்டிலிருந்து மலிவாகக் கார் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கியவர்கள், அடுத்ததாக ஓர் அழகான கண்காணிப்புத் தளத்தின் முகவரியை அனுப்புவார்கள். அதில் கப்பல் படம் நகரும், நிகழ்வுகள் நாள் தவறாமல் கூடும், ஒரு நாள் ‘சுங்கத்தில் தடை, மேலும் பணம் கட்டவும்’ என்று வரும். உண்மையான சரக்கு அவ்வளவு ஒழுங்காக நாள்தோறும் செய்தி அனுப்புவதில்லை என்பதே எனக்கு முதல் சந்தேகத்தைத் தரும். அங்கே கொடுக்கப்பட்ட கொள்கலன் எண்ணை மேலே சொன்ன கணக்கில் போடுங்கள். கற்பனையில் எழுதிய எண்களில் ஏறத்தாழப் பத்துக்கு ஒன்பது அங்கேயே விழுந்துவிடும். கணக்கில் தேறினால், தந்த இணைப்பைச் சொடுக்காமல், கப்பல் நிறுவனத்தின் தளத்தை நீங்களே தேடித் திறந்து அதே எண்ணை இடுங்கள். யாரோ ஒருவரின் உண்மையான பெட்டி எண்ணைத் திருடிப் போட்டிருந்தால், புறப்பட்ட துறைமுகமோ தேதியோ உங்களுக்குச் சொல்லப்பட்டதோடு ஒட்டாது. காருக்குக் கொள்கலன் எண்ணே தராமல் ரோ-ரோ என்று சொன்னால், கப்பலின் ஐஎம்ஓ எண்ணையும் பயண எண்ணையும் கேளுங்கள். பிறகு அது வாகனக் கப்பல்தானா, சொன்ன நாளில் சொன்ன துறைமுகத்தில் இருந்ததா என்று வரைபடத்தின் பழைய பாதையில் பாருங்கள். எண்ணெய்க் கப்பலில் கார் வருவதாகக் கதை கட்டியவர்களை இப்படித்தான் பிடித்தோம்.

திரை பொய்யும் சொல்லாமல் உண்மையும் சொல்லாமல் வெறுமையாக நிற்கும் நேரங்களும் உண்டு. 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற நச்சுநிரல் மெர்ஸ்க் நிறுவனத்தின் கணினிகளை முடக்கியபோது, உலகின் பல முனையங்களில் எந்தப் பெட்டி யாருடையது என்பதே தெரியாமல் லாரிகள் வரிசையில் நின்றன. பில்லின் படி, முத்திரைச் சீல் எண், வண்டியின் நாற்புறப் படம் ஆகியவற்றைக் காகிதத்தில் வைத்திருந்தவர்களுக்கு அன்று பேச ஓர் ஆதாரமாவது இருந்தது. பெட்டி கடலில் விழுவது மிக அரிது. உலகக் கப்பல் கழகத்தின் கணக்கில் 2024-இல் 25 கோடிக்கு மேற்பட்ட கொள்கலன் பயணங்களில் விழுந்தவை 576. ஆனால் 2020 நவம்பர் 30 அன்று ஒன் ஏப்பஸ் கப்பல் பசிபிக் புயலில் 1,816 பெட்டிகளை ஒரே நேரத்தில் இழந்ததுபோல் நடக்கும்போது, செய்தி உங்களுக்குக் கடிதமாகத்தான் வரும். கடலில் விழும் கொள்கலன்களைப் பற்றிக் கப்பலின் தலைவர் உடனே அறிவிக்க வேண்டும் என்ற சோலாஸ் திருத்தம் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

சேருமிடத்தில் ‘இறக்கப்பட்டது’ என்று வந்தவுடன் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். பில் ஒப்படைப்பு, கட்டணப் பாக்கி, சுங்க அனுமதி மூன்றும் முடிந்து வெளியேற்ற ஆணை வந்தால்தான் வாயில் திறக்கும். அதே வேளையில், கட்டணமின்றித் துறைமுகத்தில் வைத்திருக்க விடும் இலவச நாள்கள் ஓடத் தொடங்கியிருக்கும். அவை தீர்ந்தால் டெமரேஜ் எனும் தாமதக் கட்டணம் ஏறும். கப்பல் கரையணைவதற்கு ஒரு வாரம் முன்பே முகவரிடமிருந்து வருகை அறிவிப்பைக் கேட்டு வாங்கி, ஆவணங்களை ஆயத்தமாக வைத்திருப்பவரே பணம் மிச்சம் பிடிக்கிறார். பொருளை எடுக்கும்போது சேதம் வெளியே தெரியாமல் பின்னர் கண்டால், பெரும்பாலான பில்களில் செல்லும், கடல்வழிச் சரக்குக்கான ஹேக் விதிகளின்படி மூன்று நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வழக்குத் தொடுக்க ஓராண்டு.

கேட்டவர் இன்றே செய்ய வேண்டியது முகவருக்கு ஒரே ஒரு மின்னஞ்சல். அதில், கொள்கலனுக்கு மாஸ்டர் பில் எண்ணும், இடைத் துறைமுகம் உண்டென்றால் மறுகப்பலின் பெயரும் பயண எண்ணும் கேளுங்கள். காருக்குக் கப்பலின் ஐஎம்ஓ எண்ணும், சேசிஸ் எண் தெரியும்படி டாலித் தாளின் படியும் கேளுங்கள். டாலித் தாள் வந்து அதில் உங்கள் சேசிஸ் எண் இருந்தால் கார் நங்கூரமிட்ட அந்தக் கப்பலில்தான் இருக்கிறது, தளமேடை கிடைக்கும் வரை காத்திருங்கள். தாள் வராமல் ‘தளத்தில் ஏற்றப்பட்டது என்றுதானே இருக்கிறது’ என்ற பதில் மட்டும் வந்தால், கப்பலை விட்டுவிட்டு, ஏற்றிய துறைமுகத்தின் யார்டில் நேரில் போய்ப் பார்க்க ஓர் ஆளைத் தேடுங்கள்.